கருவிப் பெட்டியும் காலணிப் பெட்டியும்: சிங்கப்பூரில் கைத்தொழில் செய்பவர்கள் வேலைச் செலவுக்கு வரிக் கழிவு கோரும் முறை

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் என் அக்கா மகன் ஒரு காலணிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். வயது 32, மின்பணி உரிமம் உண்டு. வார நாள்களில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மின்விசிறி மாட்டுவது, விளக்கு மாற்றுவது என்று சொந்தமாகச் சில வேலைகள். பெட்டி நிறைய ரசீதுகள். "இதையெல்லாம் வரியில் கழித்துக்கொள்ளலாம்தானே, மாமா?" என்றான்.

மூடியைத் திறந்தேன். மேலே இருந்த ஆறேழு தாள்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து நம் ஊர் வெயிலில் நிற்காது. ஒன்றில் மட்டும் கடைக்காரர் ஊதா மையில் குத்திய முத்திரை மிஞ்சியிருந்தது. என்ன வாங்கினான், எவ்வளவு கொடுத்தான் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். சொந்தத் தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ரசீதுகளைச் செருகி வைத்து, ஆண்டு முடிவில் வெற்றுத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் இருந்ததை அன்று மாலை முழுவதும் பிரித்தோம். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நீங்கள் ஊழியரா, சுயதொழில் செய்பவரா?

ரசீதைப் பார்ப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே துளைக்கருவியை ஊழியர் வாங்கினால் ஒரு விதி, சுயதொழில் செய்பவர் வாங்கினால் வேறு விதி. என் அக்கா மகனைப் போல இரண்டுமாக இருப்பவர்கள் இரண்டு கணக்கு வைக்க வேண்டும். ஒன்றின் செலவை மற்றதன் வருமானத்தில் கழிக்கக் கூடாது.

யார் வருமானத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் இதைப் பொறுத்ததே. சம்பளக்காரருக்குப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 22,000 வெள்ளி. சுயதொழிலில் நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். "வார இறுதியில் கையில் வாங்கும் சில்லறைதானே" என்று இருந்துவிடுபவர்கள் இந்த 6,000ஐ மறந்துவிடுகிறார்கள்.

வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு சொல். உங்கள் அனுமதி ஒரு முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டுமே. சொந்தமாக வேலை எடுத்துச் செய்வது சட்டத்துக்குப் புறம்பு. அதனால் சுயதொழில் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. பாதுகாப்புக் காலணியும் தலைக்கவசமும் முதலாளி தர வேண்டியவை. அவற்றை நீங்களே வாங்கிவிட்டு வரியில் கழிக்கப் பார்ப்பதைவிட, முதலாளியிடம் கேட்டு வாங்குவதுதான் சரியான வழி.

இரண்டாம் படி: சம்பளக்காரர் கழிக்கக்கூடியவை

இந்தக் குவியல் சிறியது. உள்நாட்டு வருவாய் ஆணையம் ஊழியரின் செலவை நான்கு கேள்விகள் கேட்டுத்தான் ஏற்கிறது. அந்தச் சம்பளத்தை ஈட்டுவதற்காக மட்டுமே செய்த செலவா? வேலைக் கடமையின்போது செய்ததா? முதலாளி திருப்பித் தராததா? சொந்தத் தேவைக்கோ நிலையான சொத்து வாங்கவோ செலவழிக்காததா? நான்குக்கும் "ஆம்" என்றால் கழிக்கலாம்.

அக்கா மகனின் பெட்டியில் வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வந்த பஸ், ரயில் செலவுக் கணக்கு பன்னிரண்டு மாதத்துக்கும் இருந்தது. அத்தனையும் தள்ளுபடி. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணம் சொந்தச் செலவாகவே கருதப்படும். ஆனால் ஒரு வேலைத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அவசரமாக அனுப்பப்பட்டு, டாக்சி பிடித்துப் போய், முதலாளியிடம் பணம் கேட்காமல் விட்ட ரசீதுகள் இருந்தன. மொத்தம் 86 வெள்ளி. அவை செல்லும். தொழில்சார் அமைப்பின் உறுப்பினர் சந்தாவும் செல்லும். சொந்தக் கார் ஓட்டிப்போன செலவு செல்லாது, அலுவல் பயணமாக இருந்தாலும் சரி.

பெரும்பாலானோரின் சம்பள விவரத்தை முதலாளியே ஆணையத்துக்கு அனுப்பிவிடுவதால், படிவத்தில் அது தானாக நிரம்பியிருக்கும். வேலைச் செலவு நிரம்பியிருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். தாக்கல் செய்யத் தேவையில்லை என்று கடிதம் வந்தவர்களும், கழிக்க ஏதாவது இருந்தால் உள்ளே போய்த் திருத்தியாக வேண்டும்.

பாடக் கட்டணத்துக்கென்று இருந்த நிவாரணம் 2026 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2025இல் ஈட்டிய வருமானத்திலிருந்து) நீக்கப்பட்டுவிட்டது. பழைய ஞாபகத்தில் அதைத் தேட வேண்டாம்.

மூன்றாம் படி: சுயதொழில் செலவை மூன்றாகப் பிரித்தல்

பணம் கிடக்கும் இடம் இதுதான். மேசையில் மூன்று குவியல் போட்டோம்: அன்றாடச் செலவு, கருவிகளும் வாகனமும், கழிக்க முடியாதவை.

அன்றாடச் செலவில் முதலில் வருவது பொருள். கம்பி, சுவிட்ச், குழாய், வால்வு, குளிர்பதன வாயு என்று வாடிக்கையாளர் வீட்டில் பொருத்திவிட்டு வருபவை அனைத்தும். ஜாலான் புசாரின் வன்பொருள் கடைகளிலும் சிம் லிம் டவரிலும் நாம் கொடுக்கும் பில் பெரும்பாலும் இந்த வகை. பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொள்ளாதவர்கள் (ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளிக்குக் கீழிருந்தால் பதிவு கட்டாயமில்லை) அந்த 9 விழுக்காட்டையும் சேர்த்தே செலவாகக் காட்டலாம். வரிக்கு முந்திய விலையை மட்டும் எழுதிவைத்து ஆண்டு முழுக்க நட்டப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

அடுத்து கையுறை, துளையிடும் முனை, ஒட்டுநாடா போன்ற தேய்ந்துபோகும் சாமான்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி. விளம்பரம். தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு. ஒரே எண்ணை வீட்டுக்கும் தொழிலுக்கும் வைத்திருப்பவர்கள் முழுத் தொகையையும் எழுதக் கூடாது. ஒரு மாதப் பட்டியலை எடுத்து அழைப்புகளை எண்ணிப் பார்த்து, பத்தில் ஏழு தொழில் அழைப்பு என்றால் 70 விழுக்காடு என்று போட்டு, அந்தப் பட்டியலைக் கோப்பில் வைத்துவிடுங்கள். கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

உதவிக்கு ஆள் வைத்திருந்தால் சம்பளமும், முதலாளி என்ற முறையில் நீங்கள் கட்டும் மத்திய சேம நிதிப் பங்கும், வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதியும் கழியும். மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் கொடுத்தாலே முதலாளி பங்கு கட்ட வேண்டும். உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் காப்புறுதி கட்டாயம். மனைவி கணக்கு எழுதுகிறார் என்று சம்பளம் காட்டலாமா? அவர் உண்மையிலேயே எழுதினால், வெளியாள் ஒருவருக்கு அந்த வேலைக்குக் கொடுக்கும் அளவே கொடுத்தால், காட்டலாம். காகிதத்தில் மட்டும் வேலை செய்யும் மனைவியைக் காட்ட முடியாது.

பணம் தராமல் ஏமாற்றிய வாடிக்கையாளரைப் பற்றியும் கேட்பார்கள். பில் போட்டபோதே அதை வருமானத்தில் சேர்த்திருந்தால், வசூலிக்க முயன்றும் வராது என்று உறுதியான பிறகு வாராக்கடனாகக் கழிக்கலாம். அனுப்பிய நினைவூட்டுச் செய்திகளை அழிக்காதீர்கள். வருமானத்தில் சேர்க்கவே இல்லை என்றால் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை.

நான்காம் படி: கருவியும் வேனும்

எங்கள் தொழிலில் மிகுதியாகத் தவறு நடக்கும் இடம் இது. கருவிகள் பல ஆண்டுகள் உழைப்பவை. அவற்றின் விலையை அன்றாடச் செலவில் சேர்க்க முடியாது. அவற்றுக்கு மூலதனக் கழிவு என்ற தனிக் கட்டம் இருக்கிறது. சிலர் தெரியாமல் அன்றாடச் செலவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் "கருவி சொத்து, கழிக்க முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டேவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரே எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம்.

ஒவ்வொன்றும் 5,000 வெள்ளிக்கு மேற்படாத கருவி என்றால், வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் கழித்துவிடலாம். இப்படிக் கழிக்கும் மொத்தம் ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு 30,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. சுத்தித் துளைக்கருவி, மின்காப்புச் சோதனைக் கருவி, வெற்றிடப் பம்பு, ஏணி எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். கணினிக்கு விலை பாராமல் ஓராண்டுக் கழிவு உண்டு. 5,000 வெள்ளிக்கு மேற்பட்ட விலையுள்ள இயந்திரங்களை மூன்று ஆண்டுகளில் சமமாகப் பிரித்துக் கழிக்கலாம்.

வேன் அந்த மூன்றாண்டு வகை. தவணையில் வாங்கியிருந்தால், அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய முன்பணத்தையும் அசலையும் வைத்தே கழிவைக் கணக்கிட வேண்டும். முழு விலையை வைத்து அல்ல. வட்டி தனி, அது அன்றாடச் செலவில் கழியும். மாதத் தவணைத் தொகையை அப்படியே செலவாக எழுதிவிடாதீர்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வேனை விற்கும்போது, கழித்துத் தீராத மதிப்பைவிட அதிக விலை கிடைத்தால் அந்த அதிகம், நீங்கள் அதுவரை கோரிய மூலதனக் கழிவின் அளவு வரை, வருமானத்தில் திரும்பி வரும். அந்த ஆண்டு அதிர்ச்சி அடையாதீர்கள்.

டீசல், பழுதுபார்ப்பு, சாலை வரி, வாகனக் காப்புறுதி, கார்நிறுத்தக் கட்டணம், மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாம் வேனுக்கும் லாரிக்கும் கழியும். அதே சாலையில், அதே வாடிக்கையாளரிடம், அதே கருவிப் பெட்டியோடு எஸ் எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொண்ட காரில் போனால் ஒரு காசும் கழியாது. பெட்ரோல் இல்லை, கார்நிறுத்தம் இல்லை, மூலதனக் கழிவும் இல்லை. வாடகைக்கு எடுத்த காரும் அப்படியே. ஆனால் தொழில் வேலையாக டாக்சியில் போன கட்டணம் கழியும்! வேடிக்கையான விதிதான், ஆனாலும் விதி. காரில் கருவி ஏற்றித் திரியும் நண்பர்கள் கார் மலிவு என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கழிக்க முடியாதவை

நீங்கள் உங்களுக்கே எடுத்துக்கொள்ளும் பணம் சம்பளம் ஆகாது, அது செலவும் அல்ல. உங்கள் சொந்த மெடிசேவ் (மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) தொகை தொழில் செலவில் சேராது. அதற்கு மத்திய சேம நிதி நிவாரணம் தனியாக உண்டு. மதியச் சாப்பாடு, சொந்த மருத்துவச் செலவு, ஆயுள் காப்புறுதி, வருமான வரி எதுவும் கழியாது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி வாங்கிய அபராதமும் கழியாது, எவ்வளவுதான் தொழிலுக்காக நிறுத்தியிருந்தாலும்.

இன்னொரு குழப்பம். டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ரசீது இல்லாமலே வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் காட்டும் வசதி இருக்கிறது. சொத்து, காப்புறுதி முகவர்கள் போன்றோருக்கும், மொத்தத் தரகு 50,000 வெள்ளிக்குள் இருந்தால், 25 விழுக்காடு உண்டு. அதைக் கேள்விப்பட்ட ஒரு பிளம்பர், தானும் 60 விழுக்காடு போட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். எங்கள் தொழில்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஆதாரம் வேண்டும்.

ஆறாம் படி: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முழுநேரமாகச் சொந்தத் தொழில் செய்யும் 47 வயது மின்பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, கணக்கு உண்மை.

ஆண்டு வருமானம் 92,000 வெள்ளி. பொருள்களுக்கு 28,400. மிச்சம் 63,600. டீசல் 3,900, வேனின் காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு 3,600, நிறுத்தமும் சாலைக் கட்டணமும் 1,900, வேன் கடன் வட்டி 1,100, தொலைபேசியில் தொழில் பங்கு 504, தேய்மானச் சாமான்கள் 1,296. கூட்டினால் 12,300. அதையும் கழித்தால் வருவது சரிக்கட்டிய லாபம், 51,300.

அந்த ஆண்டுதான் வேன் வாங்கினார். முன்பணமும் கட்டிய அசலும் 18,000, அதில் மூன்றிலொரு பங்கு 6,000. புதிய கருவிகள் மூன்று, மொத்தம் 2,750, எல்லாம் 5,000க்குக் கீழ். மூலதனக் கழிவு 8,750. நிகர வருமானம் 42,550.

55 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கான ஈட்டிய வருமான நிவாரணம் 1,000ஐ மட்டும் கழித்தால் 41,550. முதல் 40,000க்கு வரி 550, மிச்சம் 1,550க்கு 7 விழுக்காடு. ஆக 658 வெள்ளி 50 காசு. வேனையும் கருவிகளையும் மற்றச் செலவுகளையும் காட்டாமல் விட்டிருந்தால் வரி 2,132 வெள்ளி. வித்தியாசம் 1,473 வெள்ளி 50 காசு.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. நிகர வருமானத்தை வைத்தே மெடிசேவ் பங்கும் கணக்கிடப்படுகிறது. 18,000க்கு மேல் ஈட்டும் 47 வயதுக்காரருக்கு அது 10 விழுக்காடு. விட்டுப்போன 21,050 வெள்ளிக்கு இன்னும் 2,105 வெள்ளி கட்ட வேண்டியிருக்கும். அது அவருடைய சொந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். ஆனால் அந்த மாதம் வேன் தவணைக்குக் கையில் பணம் இருக்காது.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. 7 விழுக்காட்டுப் படியில் இருப்பவர் 1,000 வெள்ளிப் பொய்ச் செலவு காட்டினால் மிச்சமாகும் வரி 70 வெள்ளி. பிடிபட்டால், வேண்டுமென்றே ஏய்த்தவருக்கு அபராதம் 400 விழுக்காடு வரை போகும். எழுபது வெள்ளிக்காக யாராவது தூக்கம் இழப்பார்களா?

ஏழாம் படி: தாக்கல்

மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக ஆணையத்தின் இணையவாசலில் நுழைந்து செய்ய வேண்டும். முந்திய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருமானமே கணக்கு.

விற்றுமுதல் 200,000 வெள்ளியோ அதற்குக் குறைவோ என்றால் இரண்டே வரிதான்: வருமானம், சரிக்கட்டிய லாபம். அதைத் தாண்டினால் நான்கு வரி: வருமானம், மொத்த லாபம், தொழில் செலவு, சரிக்கட்டிய லாபம். மூலதனக் கழிவைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். லாபத்திலேயே ஒருமுறை கழித்துவிட்டு அந்தக் கட்டத்திலும் எழுதினால் இருமுறை கழித்ததாகிவிடும். ரசீதுகளை அனுப்பத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாள் ரசீதை வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் வாடிக்கையாளரின் புளோக் எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டுப் படம் எடுத்தால், எந்த வேலைக்கு வாங்கியது என்ற கேள்வியே வராது. கடன் அட்டையின் மாதப் பட்டியல் மட்டும் போதாது. கடையின் பெயர் அதில் இருக்கும், என்ன வாங்கினீர்கள் என்பது இருக்காது.

தொழில் நட்டத்தில் முடிந்தால் அதையும் தாக்கல் செய்யுங்கள். அதே ஆண்டின் சம்பளத்தில் கழித்து, மிஞ்சினால் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். தவறு இருந்தால் அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுப்புத் தெரிவித்தாலும் வரியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறையைப் போட்டால் 12 மாதத் தவணையாக, வட்டியின்றிக் கட்டலாம். நீங்களே கூடுதலாகக் கழித்துவிட்டதைப் பின்னர் கண்டுபிடித்தால், தாக்கல் காலக்கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் தாமாகச் சொல்பவர்களுக்கு ஆணையம் அபராதம் விதிப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு அக்கா மகனின் கணக்கு முடிந்தது. சம்பளப் பக்கத்தில் அந்த 86 வெள்ளி. வார இறுதிப் பக்கத்தில் வருமானம் 14,600, பொருள் 3,900, மற்றச் செலவு 700, கருவிகள் 1,380, நிகரம் 8,620. அவன் வயதுக்கும் அந்த வருமானத்துக்கும் மெடிசேவ் 4 விழுக்காடு, 344 வெள்ளி 80 காசு. வெளுத்துப்போன தாள்களில் எவ்வளவு இருந்தது என்று அவனுக்கும் நினைவில்லை. ஊதா முத்திரை இருந்த ரசீதை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் அந்தக் கடைக்குப் போய்ப் பழைய பில்லின் நகல் கேட்கப் போவதாகச் சொன்னான்.